நோயுற்றோரின் இரவு

வானொலி மறையுரை
ஆண்டின் பொதுக்காலம் 5-ஆம் ஞாயிறு (இரண்டாம் ஆண்டு), பிப்ரவரி 4, 2024
வாசகங்கள்: யோபு 7:1-4, 6-7, 1 கொரிந்தியர் 9:16-19, 22-23, மாற்கு 1:29-39



இன்றைய முதல் வாசகத்தில் யோபு பேசுகிறார். சொத்து போயிற்று, பிள்ளைகள் போயினர், உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண். இத்தனையும் இழந்த அந்த மனிதர், இன்று நாம் கேட்ட பகுதியில் எதைச் சொல்லிப் புலம்புகிறார் என்று கவனித்தோமா? இரவைச் சொல்லிப் புலம்புகிறார். படுக்கும்போதே எப்போது எழுவோம் என்ற ஏக்கம், முடியாமல் நீளும் இரவு, பொழுது புலரும்வரை புரண்டு புரண்டு படுக்கும் அவதி. இதே நூலின் 30-ஆம் அதிகாரத்திலும் அவர் இரவைத்தான் நினைக்கிறார். இரவு வந்தால் எலும்புக்குள் குத்துகிறது, உடலை அரிக்கும் வேதனை ஓய மாட்டேன் என்கிறது என்று முறையிடுகிறார்.

யோபு என்றதும் பொறுமை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பொறுமைசாலியும் தூங்காத இரவைத் தாங்க முடியாமல் கதறினார் என்பதை இறைவார்த்தை மறைக்கவில்லை. நோயாளரைச் சந்திக்கப் போகும் எவருக்கும் இந்தக் கதறல் புதிதல்ல. பகலில் எப்படியோ போய்விடுகிறது, ராத்திரிதான் முடியவில்லை என்று சொல்லாத நோயாளர் உண்டா?

நம் செட்டிநாட்டுப் பக்கத்து மனிதர்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்து நெய்து தோள்பட்டை இறுகிப்போனவர். ஆத்தங்குடியில் குனிந்து உட்கார்ந்து கையால் ஒவ்வொரு தளக்கல்லாகச் செய்து இடுப்பு பிடித்துக்கொண்டவர். திருமண வீட்டுச் சமையலுக்கு விடியவிடிய அடுப்பருகே நின்று கால் வீங்கியவர். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு இரவுக் காவல் இருப்பவர். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, மூட்டுவலியோடு தனியாகப் படுத்திருக்கும் அப்பத்தா. சர்க்கரை நோயால் பாதம் எரிய, நடுச்சாமத்தில் எழுந்து ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொள்பவர். இவர்களுடைய குரலும் யோபுவின் குரலும் வேறு வேறு அல்ல.

வலி வந்தால் தூக்கம் போய்விடும். இது எல்லாரும் அறிந்தது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தூக்கம் போனால் வலி பெருகும். முதல் நாள் வலித்த அதே முழங்கால், தூங்காத இரவுக்குப் பின் இன்னும் அதிகமாய் வலிக்கும். பெருகிய வலி மறுநாள் தூக்கத்தையும் கெடுக்கும். இது வெறும் மனப்பிரமை அல்ல, உடலுக்குள் உண்மையாகவே நடப்பது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இன்று நாம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், நாம் நோயாளரிடம் பேசும் விதமும், அவர்களுக்குச் செய்யும் உதவியும் இதைப் பொறுத்தே அமைய வேண்டும்.

நார்வே நாட்டின் வடகோடியில் துரொம்சோ என்றொரு நகரம். அங்கே 10,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரு பரிசோதனைக்கு அழைத்தார்கள். பனிபோல் குளிர்ந்த நீரில் கையை வைத்து எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனை. அதிகபட்சம் 106 வினாடி. நன்றாகத் தூங்குபவர்களில் 100-க்கு 31 பேர் அந்த நேரம் முடியும் முன்பே கையை எடுத்துவிட்டார்கள். தூக்கமின்மையால் அவதிப்படுபவர்களில் 100-க்கு 42 பேர் எடுத்துவிட்டார்கள். தூக்கமின்மையும் நாட்பட்ட வலியும் சேர்ந்தே இருந்தவர்களின் தாங்கும் சக்தி இன்னும் குறைவாக இருந்தது. 2015-இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரே தண்ணீர், ஒரே குளிர். அதை உணர்ந்த உடல்கள்தாம் வேறுபட்டன.

இதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1975-இல், கனடாவின் டொரண்டோ நகரத்தில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். நோய் நொடி இல்லாத சிலரைத் தூங்க வைத்து, அவர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகும்போதெல்லாம் ஓர் ஒலியை எழுப்பி அந்த ஆழத்தைக் கலைத்தார்கள். சில இரவுகள் இப்படிப் போனதும், எந்த வேலையும் செய்யாத அவர்களுக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. தசைகளைத் தொட்டால் நொந்தது. பிறகு தடையில்லாமல் தூங்க விட்டபோது அந்த வலி தணிந்தது.

2019-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூளையைப் படமெடுத்தே பார்த்தார்கள். இளைஞர்களின் காலில் மெல்லச் சூடு வைத்து, எந்த அளவில் அது வலியாகிறது என்று கேட்டார்கள். நன்றாகத் தூங்கிய பின் ஒரு முறை, இரவு முழுவதும் விழித்திருந்த பின் ஒரு முறை. விழித்திருந்த பின், குறைந்த சூடே அவர்களுக்கு வலித்தது. வலியைப் பதிவு செய்யும் மூளைப்பகுதி முன்பைவிட அதிகமாய்க் கொந்தளித்தது. வலியை எடைபோட்டு, உடலின் இயல்பான தணிப்பைத் தூண்டிவிடும் பகுதிகளோ சோர்ந்து கிடந்தன.

சிவகங்கைச் சீமைக்காரர்களாகிய நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கண்மாயும் மடையும் போதும். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடந்தாலும், வயலுக்கு எவ்வளவு போக வேண்டும் என்பது மடையைத் திறப்பதிலும் அடைப்பதிலும் இருக்கிறது. மடையைப் பார்த்துக்கொள்பவர் கவனமாக இருந்தால் பயிருக்கு வேண்டிய அளவே தண்ணீர் போகும். வலிக்கும் இப்படி ஒரு கதவு முதுகுத்தண்டில் இருக்கிறது என்று 1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். காலிலும் கையிலும் இருந்து புறப்படும் வலிச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும், உடலே சுரக்கும் வலிதணிக்கும் பொருள்களும் அந்தக் கதவை ஓரளவு சாத்தி வைக்கின்றன. தூங்காத உடலில் இந்தக் காவல் தளர்ந்துபோகிறது. மடையைப் பார்க்க வேண்டியவரே அசந்துவிட்டால் வயல் என்ன ஆகும்? அதுதான் தூங்காத மனிதரின் உடலில் நடக்கிறது.

இதை அறிந்த பின் யோபுவின் நண்பர்களை நினைத்துப் பார்ப்போம். மூன்று பேரும் அவரைத் தேடி வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். நோயாளருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு உண்டா? இரவிலும் உடனிருந்தார்களே! அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு குற்றச்சாட்டாக மாறியது. நீர் ஏதோ பாவம் செய்திருப்பீர், இல்லாவிட்டால் இது வராது என்று வாதாடினார்கள்.

இன்று நம் வீடுகளில் அந்தப் பேச்சு வேறு விதமாக வருகிறது. "எல்லாம் மனசுதான் காரணம்." "வயசானா அப்படித்தான் இருக்கும்." "நேற்று நல்லாத்தானே நடந்தீங்க, இன்னைக்கு என்ன?" நேற்று நடந்தவர் இன்று நடக்க முடியாமல் போனதற்கு, இடையில் கழிந்த இரவு காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. தூங்காதவர் வலியைப் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. அவருக்கு வலி பெரிதாகவே இருக்கிறது.

பக்தியின் பெயராலும் நாம் ஒன்று சொல்வதுண்டு. இதை உங்கள் சிலுவையாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. துன்பத்தை ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பது நம் விசுவாசத்தின் ஆழமான உண்மை. அதை யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் அந்த ஒப்புக்கொடுத்தலை நோயாளர் தாமே செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அவருக்காகச் செய்ய முடியாது. பக்கத்தில் நிற்பவரின் கடமை வேறு. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-ஆம் ஆண்டிலேயே, வலியைத் தணிக்கும் மருந்தை ஏற்றுக்கொள்வது கிறிஸ்தவ வாழ்வுக்கு முரணானது அல்ல என்று மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தின் பொருளைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்று எழுதினார். அந்த மடலின் இறுதிப் பகுதி நல்ல சமாரியரைப் பற்றியது. அடிபட்டுக் கிடந்தவரிடம் சமாரியர் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. எண்ணெய் வார்த்தார், கட்டுப் போட்டார், சாவடிக்குக் கொண்டுபோய் அன்றிரவு உடனிருந்து பார்த்துக்கொண்டார்.

இன்று பிப்ரவரி 4. நம் மறைமாவட்டத்து மண்ணைத் தம் இரத்தத்தால் சிவக்கச் செய்த புனித அருளானந்தரின் நாள். லிஸ்பன் நகரில் பிறந்தவர், இந்த மறவர் சீமையைத் தம் ஊராக்கிக்கொண்டவர். 1686-இல் இங்கே பிடிபட்டு வதைக்கப்பட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அவர் தம் விருப்பத்தோடு அந்தத் துன்பத்தை ஏற்றார். ஆண்டவருக்காக ஏற்றார். அதனால்தான் அவர் மறைச்சாட்சி. நம் வீட்டுத் தாயின் முழங்கால் வலியையோ, பக்கத்து வீட்டுப் பெரியவரின் புற்றுநோய் வேதனையையோ அவர்கள் விருப்பம் கேட்காமல் நாமே மறைச்சாட்சியமாக்கிவிட முடியாது. அருளானந்தரின் பிள்ளைகளாகிய நமக்கு, வதைபடும் உடலைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டவிழ்க்கத் தோன்ற வேண்டும்.

தூக்கம் இல்லையா, சீக்கிரம் போய்ப் படுக்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். நம் மாநிலத்திலேயே, சென்னையில், இதற்குப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று நடந்தது. குறைந்த வருமானம் உள்ள 452 பேரைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்டார்கள். அவர்கள் படுக்கையில் இருந்தது ஏறத்தாழ 8 மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரந்தான். ஓர் இரவில் ஏறத்தாழ 30 முறை உறக்கம் கலைந்தது. வெக்கை, இரைச்சல், கொசு, வெளிச்சம், நெருக்கமான இடம், மனக்கவலை ஆகியவற்றை நம்மில் யார் அறியாதவர்? விசிறி, மெத்தை, காதடைப்பான், கண்மறைப்பு எல்லாம் கொடுத்துப் பழக்கியபோது தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனாலும் எதிர்பார்த்த பலன் வேலையிலோ வாழ்விலோ பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தூக்கமும் துண்டு துண்டாகவே இருந்ததால் அப்படி ஆகியிருக்கலாம். வேலையிடத்தில் மதியம் அரைமணி நேரம் அமைதியாகத் தூங்க இடம் கொடுத்தபோதோ, அவர்களுடைய வேலையும் மனநிலையும் நன்றாகவே மேம்பட்டன.

சென்னையில் நடந்தது வலியைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் அதை இன்னோர் ஆய்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்டது அது. நலமான பெண்களில் ஒரு குழுவினரைக் குறைந்த நேரம், ஆனால் தொடர்ச்சியாகத் தூங்கவிட்டார்கள். மற்றொரு குழுவினருக்கும் மொத்தத்தில் அதே நேரந்தான் தூக்கம். ஆனால் அடிக்கடி எழுப்பிவிட்டார்கள். அடிக்கடி எழுப்பப்பட்டவர்களுக்கே, உடல் தானாக வலியைத் தணிக்கும் ஆற்றல் கெட்டுப்போயிற்று. ஆகவே எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பது மட்டும் கேள்வி அல்ல. எத்தனை முறை எழுப்பப்பட்டோம் என்பதும் கேள்வி. ஏழையின் தூக்கம் அடிக்கடி கலைகிறது என்றால், ஏழையின் வலியும் கூடுகிறது என்று அஞ்ச நமக்குக் காரணம் இருக்கிறது.

இங்கே நம் அனைவருக்கும் ஒரு பொறுப்பு வருகிறது. ஒருவருடைய தூக்கம் அவர் கையில் மட்டும் இல்லை. குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் கணவனின் கையில் இருக்கிறது. வட்டிப் பணத்துக்கு நேரங்கெட்ட நேரத்தில் வந்து நிற்பவர் கையில் இருக்கிறது. அயல்நாட்டிலிருந்து பேசும் பிள்ளை, இங்கே மணி என்ன என்று பார்த்துவிட்டு அழைப்பதில் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் நம் ஒலிபெருக்கியிலும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. விழாக்களுக்காக அரசு தரும் தளர்வும் ஆண்டில் 15 நாள்களுக்கு மேல் போகாது. அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான். சட்டத்துக்குப் பயந்து மட்டும் நாம் இதைக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. நம் கொடிமரத்துக்கு எதிர்வீட்டில் எவர் மதத்தைச் சார்ந்த நோயாளரும் படுத்திருக்கலாம். அவர் இரவு கலைந்தால் நாளை அவர் வலி கூடும். தேர்பவனிக்குக் கூம்பு ஒலிபெருக்கி கட்டும்போது விழாக் குழுவினர் அந்த ஒரு முகத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

வலுவற்றோருக்கு வலுவற்றவரானதாகத் தூய பவுல் இன்றைய இரண்டாம் வாசகத்தில் சொல்கிறார். தூங்க முடியாதவருக்காக ஓர் ஒலியைக் குறைப்பதும், ஒரு விளக்கை அணைப்பதும் அந்த வழியில் நம்மால் எடுத்து வைக்கக்கூடிய சிறு எட்டு.

அன்புக்குரியவர்களே, இனி நற்செய்திக்கு வருவோம். சீமோனின் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். இயேசு அருகில் போய், கையைப் பிடித்துத் தூக்கினார். காய்ச்சல் நீங்கியது. அதன் பிறகே அவர் எழுந்து பணிவிடை செய்தார். இந்த வரிசையைக் கவனிப்போம். முதலில் நலம், பிறகு பணிவிடை. நம் வீடுகளில் பல தாய்மார் உடம்பு கொதிக்கும்போதே எழுந்து அடுப்படிக்குப் போகிறார்கள். நோயாளரைப் பராமரிக்கும் மகளும் மருமகளும் அப்படித்தான். பெரியவரை இரவில் மூன்று முறை எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறவருக்கும் அந்த மூன்று முறையும் தூக்கம் கலைகிறது. ஆறு மாதத்தில் அவருக்கும் முதுகுவலி, தலைவலி. அப்போது வீட்டில் நோயாளர் இருவர். அவரைப் பார்த்து யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை.

நம் அன்பியங்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு நாம் போகிறோம், செபமாலை சொல்கிறோம், பழம் வாங்கிக் கொடுக்கிறோம், அரைமணியில் திரும்பிவிடுகிறோம். எல்லாம் நல்லதே. அதோடு இன்னொன்றும் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேர் போய், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய்க் கொஞ்சம் படுங்கள் என்று அந்த மகளையோ மருமகளையோ தூங்க வைக்கலாம். உறவினர் துணை இல்லாத வீட்டில், முறை வைத்து மாதத்தில் ஓர் இரவு உடனிருக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் நோயாளர் சந்திப்புக்குப் போகும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: "அப்பத்தா, ராத்திரி தூங்குனீங்களா?" சாப்பிட்டீர்களா என்று கேட்பதைப்போல இதையும் கேட்டுப் பழகுவோம். பதில் தூங்கவில்லை என்று வந்தால், ஏன் என்றும் கேட்போம். கட்டில் ஒத்துக்கொள்ளவில்லையா, கொசுவலை கிழிந்திருக்கிறதா, விசிறி ஓடவில்லையா, இருட்டில் தனியாக எழப் பயமா? இவற்றில் பாதியை ஒரு மாலைப்பொழுதில் நாமே சரிசெய்துவிடலாம்.

மற்றப் பாதிக்கு மருத்துவர் வேண்டும். வலிக்காக மருத்துவரிடம் போகும்போது தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். இரவில் பாதம் எரிந்தால் சர்க்கரையும் நரம்பும் பார்க்கப்பட வேண்டும். உரத்த குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று திணறி எழுபவருக்கு அது வெறும் அலுப்பு அல்ல. சிகிச்சை உள்ள நோய் அது. வலி இரவில் எழுப்பிக்கொண்டே இருந்து, உடல் எடையும் குறைந்தால் தள்ளிப்போடக்கூடாது. மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் வாங்கி விழுங்குவது ஆபத்து. சிறுநீரகமும் வயிறும் கெடும். முதியவர் இருட்டில் தடுமாறி விழுவார். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வலிதணிப்புப் பராமரிப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. நம் தெருவில் யாருக்கு அது தேவை என்று பார்த்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிடுவதும் அன்பியத்தின் பணியே.

எளிய பழக்கங்கள் சிலவும் உதவும். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, சற்று வெயிலில் நடமாடுவது, மாலைக்குப் பின் காபி, தேநீர் தவிர்ப்பது, படுக்கையில் கைபேசியைத் தள்ளிவைப்பது. மதியத் தூக்கம் வேண்டுமானால் அரைமணி நேரம். மூன்று மணிக்கு முன்பே. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் நம் அண்டை வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் நடந்து கொப்புளம் கண்ட கால், வழியில் நன்றாகப் படுத்து எழுந்தால் மறுநாள் மீண்டும் நடக்கிறது.

ஓய்வு தேவைப்படும் மனிதரை இறைவன் எப்படி நடத்துகிறார் என்பதற்கு எலியா சாட்சி. உயிரே வேண்டாம் என்று சொல்லிச் சூரைச் செடியின் அடியில் படுத்துவிட்டார் அவர். வானதூதர் வந்து கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மறுபடியும் படுத்தார். தூங்க விட்டு, பிறகு மீண்டும் உணவு கொடுத்தார். அதன் பின்புதான் ஒரேபு மலைப் பயணமும் அங்கே இறைவனின் மெல்லிய குரலும். நம் ஆண்டவர் இயேசுவும் களைத்தபோது படகில் தலையணை வைத்துத் தூங்கினார். இன்றைய நற்செய்தியில், கதிரவன் மறைந்த பிறகும் வாசலில் கூடிய நோயாளர் பலரைக் குணமாக்கியவர், இருள் விலகும் முன்னே எழுந்து தனியிடத்தில் தந்தையிடம் பேசினார். இரவின் இரு முனைகளையும் அவர் அறிவார். கெத்சமனித் தோட்டத்தில் நண்பர்கள் தூங்க, தாம் மட்டும் வேதனையோடு விழித்திருந்த இரவும் அவருக்கு உண்டு.

ஆகவே, எத்தனை செய்தும் உறக்கம் வராமல் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரரே, சகோதரியே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கம் வராதது உங்கள் விசுவாசக் குறைவு அல்ல. வலி தாங்காமல் முனகியது பாவம் அல்ல. யோபு நூலின் கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் தீர்ப்பு சொல்கிறார். தூங்கி எழுந்து தெளிவாக வாதாடிய நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். இரவெல்லாம் புரண்டு கதறிய யோபுவே சரியாகப் பேசினார் என்கிறார். உங்கள் முனகலும் அவர் காதில் செபமாகவே விழுகிறது.

அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 11, லூர்து அன்னையின் நாள், உலக நோயாளர் நாள். நோயுற்றோரைத் தனிமையில் விடலாகாது, உறவுகளைக் குணமாக்குவதும் மருத்துவமே என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டுக்கான செய்தியில் நினைவூட்டினார். அந்த நாளில் பங்கில் நோயில்பூசுதல் இருக்கும், நற்கருணை வீடுகளுக்குப் போகும். அதற்கு முந்தைய ஆறு இரவுகளில், நம் தெருவில் யாருடைய விளக்கு அணையாமல் எரிகிறது என்று பார்த்து வைப்போம். பிறகு அந்தக் கதவைப் பகலில் தட்டுவோம்.

செபிப்போமாக. எங்கள் அன்புத் தந்தையே, பகலையும் இரவையும் படைத்தவரே, இன்றிரவு வலியோடு படுக்கப்போகும் எல்லாரையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். மருத்துவமனைப் படுக்கைகளிலும் குடிசைகளிலும் ஆளில்லாப் பெரிய வீடுகளிலும் விழித்திருப்போருக்கு உறக்கம் தாரும். அவர்களருகே விழித்திருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் செவிலியருக்கும் வலுவும் ஓய்வும் தாரும். சீமோனின் மாமியாரின் கையைப் பிடித்த உம் திருமகனின் கையாக எங்கள் கைகளை ஆக்கியருளும். புனித அருளானந்தரே, எங்களுக்காக மன்றாடும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை வேண்டுகிறோம். ஆமென்.